ஆறு இலை அறுத்த விவரம்

பண்ணைப்புரம்
ஆனி 28, சனிக்கிழமை

மதிப்பிற்குரிய சம்பந்தி, கடமலைக்குண்டு திரு. தங்கப்பாண்டியன் அவர்கள் சமூகத்திற்கு, பண்ணைப்புரம் மு. சுருளிவேல் பணிவோடு எழுதிக்கொள்வது.

இங்கே நானும் என் மனைவி மொக்கம்மாளும் கறவை மாடு இரண்டும் சுகமாக இருக்கிறோம். கிணற்று மோட்டார் போன வாரம் காயில் கருகிக் கிடந்தது, தேவாரம் ஊர்ப் பட்டறைக்குக் கொண்டுபோய்க் கட்டி வாங்கி வந்தபிறகு இப்போது அதுவும் சுகம். அங்கே தாங்களும் சம்பந்தியம்மாளும் சுகமாக இருக்க வேண்டும் என்று போன சனிக்கிழமை குச்சனூருக்கு நேரிலேயே போய் எள் தீபம் போட்டு வேண்டிக்கொண்டேன்.

இந்தக் காலத்தில் கடிதம் எழுதுகிறானே என்று தாங்கள் நினைக்கக் கூடாது. தாங்கள் பன்னிரண்டு நாளாக என் போனை எடுக்கவில்லை. காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை போடுகிறேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு அம்மாள் மரியாதையாகச் சொல்கிறாள். கடமலைக்குண்டு எந்த எல்லைக்கும் வெளியே இல்லை என்பது எனக்குத் தெரியும். தாங்கள் கோபமாக இருக்கிறீர்கள், அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது என்பதும் தெரியும். நேரில் வந்து பேசுவதுதான் முறை. அதற்காக இரண்டு தடவை வேட்டி மாற்றிக்கொண்டு புறப்பட்டேன். இரண்டு தடவையும் தேனி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தேன். கடமலைக்குண்டு பஸ் நின்றுகொண்டுதான் இருந்தது, கண்டக்டர் என் முகத்தைப் பார்த்து ஏறுங்க என்றுகூடச் சொன்னார். வந்ததும் முதல் வார்த்தை என்ன சொல்வது என்று டீ குடித்துக்கொண்டே யோசித்தேன், பஸ் போய்விட்டது. இரண்டாவது தடவை டீ குடிக்காமலே யோசித்தேன், அப்போதும் போய்விட்டது. அதனால்தான் கடிதம். கடிதத்தில் முதல் வார்த்தை சரியாக வரவில்லை என்றால் தாளைக் கிழித்துப் போடலாம். இது நாலாவது தாள்.

தங்கள் மகள் யுவராணி, அதாவது எங்கள் மருமகள், தங்கள் வீட்டுக்கு வந்து இன்றோடு பதிமூன்று நாள் ஆகிறது. நடந்ததைத் தங்களிடம் சொல்லியிருப்பாள். இல்லை, சொல்லாமலும் இருந்திருப்பாள், அவள் குணம் அப்படி. எப்படியானாலும் என் வாயால் ஒரு தடவை முழுசாகச் சொல்லிவிடுவது நல்லது என்று படுகிறது.

விவகாரம் எல்லாம் எங்கள் வாசலில் நிற்கிற அந்த வாழையால் வந்தது. யுவராணிப் பிள்ளை காலேஜில் தாவரவியல் பாடம் எடுக்கிறவள் என்பதால் வீட்டுக்கு ஏதாவது செடி வந்து இறங்குவதை நாங்கள் வித்தியாசமாக நினைப்பதில்லை. கல்யாணமாகி வந்த மூன்றாம் மாதம், குமுளியில் பூச்செடிக் கண்காட்சி பார்க்கப் போனவள், திரும்பும்போது ஒரு கருப்புப் பையில் சாண் உயரத்தில் சிவப்பாக ஒன்றைக் கொண்டுவந்தாள். வாழை என்றாள். சம்பந்தி, நான் நாற்பது வருசமாக வாழை வைக்கிறவன். நாழிப்பூவன், நேந்திரன், செவ்வாழை, கடைசியாக இந்த டிஷ்யூ கல்ச்சர் ஜி-நைன் வரைக்கும் வைத்துப் பார்த்தவன். இங்கிருந்து லாரி லாரியாக மலையாளத்துக்கு வாழை போய்க்கொண்டிருக்கும்போது, குமுளிக்குப் போய் ஒரு வாழை வாங்கி வந்திருக்கிறாளே என்று எனக்குச் சிரிப்பாக இருந்தது. "இது என்ன ரகம்மா?" என்றேன். "ஆப்பிரிக்கா வாழை மாமா. அழகுக்கு வைக்கிறது" என்றாள். "தார் எத்தனை கிலோ நிக்கும்?" என்றேன். "பழம் திங்க ஆகாது மாமா, உள்ள பூராம் கல்லு மாதிரி விதை. இதுல இலைதான் விசேஷம்" என்றாள். இலைக்காக வாழை வைப்பது எனக்கும் தெரியும், கட்டி மார்க்கெட்டுக்கு அனுப்புவோம். பார்ப்பதற்காக மட்டும் இலை என்பது எனக்குப் புதுசு. மருமகள் ஆசையாகக் கொண்டுவந்திருக்கிறாள், ஒரு மூலையில் நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அது மூலையில் நிற்கிற செடியாக இல்லை. இரண்டாவது வருசத்திலேயே என் ஒருத்தன் கைக்குள் அடிமரம் அடங்கவில்லை. இலை ஒவ்வொன்றும் பத்தடி. நடுநரம்பு ரத்தச் சிவப்பு, அடிப்பக்கம் பூராவும் நாவப்பழம் தின்ன நாக்கு மாதிரி ஒரு நிறம். ரோட்டில் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் போட்டோ பிடித்தார்கள். என் மரியாதைதான் இறங்கியது. தோட்டத்தில் நான் விளைவித்த குலைகளை நாற்பது வருசமாக யாரும் நின்று பார்த்ததில்லை. வாசலில் ஒன்றுக்கும் ஆகாமல் நிற்கிற இதைப் பார்த்துவிட்டு எல்லாரும் எனக்குப் புத்தி சொன்னாக. பொட்டாஷ் வைக்கச் சொன்னாக, வேப்பம் புண்ணாக்கு வைக்கச் சொன்னாக, இன்னும் குலை தள்ளலையே சுருளி, உனக்குக் கைராசி போயிருச்சோ என்று ஒரு யாவாரி கேட்டுவிட்டுப் போனார். நானும் மனசு கேட்காமல் மருமகளுக்குத் தெரியாமல் இரண்டு கூடை சாணி எருவும் கொஞ்சம் பொட்டாஷும் வைத்தேன். அடுத்த இலை பதினோரு அடி வந்தது. மருமகள் அதை ஆச்சரியமாக நோட்டில் எழுதிக்கொண்டாள்.

அந்த நோட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒவ்வொரு இலையையும் டேப் வைத்து அளப்பாள். காம்புப் பக்கம் அவள் பிடிப்பாள், நுனிப் பக்கம் நான். ஆரம்பத்தில் வேண்டாவெறுப்பாகத்தான் போய் நின்றேன். அளந்துகொண்டே ஏதாவது சொல்வாள். எத்தியோப்பியா தேசத்தில் இந்த வாழையின் அடிக்கிழங்கைப் புதைத்துப் புளிக்க வைத்து ரொட்டி சுட்டுச் சாப்பிடுகிறார்களாம். நம்ம மேற்கு மலையில் பாறை இடுக்கில் நிற்குமே, மலையாளத்துக்காரர்கள் கல்லுவாழ என்பார்களே, அது இதுக்குப் பங்காளி முறையாம். நான் என் பங்குக்கு வாடல் நோய், குருத்துப் பூச்சி, தொண்ணூத்து ரெண்டில் அடித்த காற்று என்று சொல்வேன், அதையும் எழுதிக்கொள்வாள். போகப் போக டேப்பு எங்கம்மா என்று நானே கேட்க ஆரம்பித்தேன். என் மகன் சூரியபிரகாஷோடு முப்பது வருசத்தில் நான் பேசிய பேச்சைவிட, அந்த டேப்பின் இரண்டு முனையில் நின்று மருமகளோடு பேசிய பேச்சு அதிகம். அவன் இப்போது ஓசூரில் கம்பெனியில் இருக்கிறான், மாசம் ஒருக்கா வருகிறான், நான் சாப்டியா என்று கேட்பேன், அவன் சாப்டேன் என்பான், அதோடு சரி.

இப்போது இந்த ஆனி மாசக் காற்றுக்கு வருகிறேன். உங்க பக்கம் மலை மறைத்துவிடும். எங்களுக்குக் கம்பம் கணவாய் வழியாக நேராக மூஞ்சியில் அடிக்கும். இந்த வருசம் அடித்த அடியில் தோட்டத்தில் ஒரு இலை முழுசாக இல்லை, எல்லாம் நார் நாராகத் தொங்குது. அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு முத்துப்பேச்சி மதினி, என் பெரியப்பா மகன் சம்சாரம்தான், பேத்திக்குக் காதுகுத்து வைத்தாக. பந்திக்கு இலை இல்லை. யாவாரி வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரவில்லை. சின்னமனூரில் கேட்டால் அங்கேயும் இதே கதை. பேப்பர் இலை வாங்கிப் போடலாம் என்று யாரோ சொன்னதுக்கு, வாழைக்காட்டுக்குள்ள குடியிருந்துக்கிட்டுப் பேப்பர்ல சோறு போட்டா ஊரு என்ன சொல்லும் என்று மதினி உட்கார்ந்துவிட்டாக. அப்புறம் எழுந்து எங்க வாசலுக்கு வந்தாக. பிள்ளையின் வாழையைச் சுத்தி நானே பச்சை வலை கட்டி, சவுக்குக் கம்பு முட்டுக் கொடுத்து வைத்திருந்தேன். ஊரிலேயே கிழியாத இலை அந்த ஒன்பதும்தான்.

யுவராணி அப்போது காலேஜில் இருந்தாள். மதியச் சாப்பாட்டுக்கு பர்மிசன் போட்டு வருவதாகச் சொல்லியிருந்தாள். ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ, சொல்லிவிட்டால் மதினியிடம் என்ன சொல்வது என்று நினைத்தேன். கேட்காமல் இருந்தால் அந்தச் சங்கடம் இல்லை அல்லவா. என் புத்தி அந்த நேரம் அவ்வளவு தூரம்தான் வேலை செய்தது. ஏணி போட்டு ஏறி ஆறு இலை அறுத்தேன். மூணை மட்டும் விட்டேன், மூணு விட்டோமே என்று அப்போது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பந்தி நடந்த விதத்தையும் எழுதிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது. இலையைத் துண்டு போட வேண்டாம், முழு இலையாகவே மேசை நீளத்துக்குப் போடுங்க, ஊரு பாக்கட்டும் என்றாக மதினி. ஒரு இலைக்கு இந்தப் பக்கம் அஞ்சு பேர், அந்தப் பக்கம் அஞ்சு பேர். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த நடுநரம்பு இருக்கிறதே, அது வாய்க்கால் மாதிரி. மேசை வேறு ஒரு பக்கம் சாய்வு. முதல் ஆளுக்கு ஊற்றின சாம்பார் நேராக ஓடி அஞ்சாவது ஆளிடம் போய் நின்றது. அஞ்சாவதாக உட்கார்ந்தவர் ஒரு ரிட்டயர்டு கண்டக்டர், மூணு பேருடைய ரசத்தையும் சேர்த்து வாங்கிக்கொண்டு, நான் கேக்கவே இல்லையே, கேக்கவே இல்லையே என்று சொல்லிக்கொண்டிருந்தார். இன்னொருத்தர் இலையின் சிவப்பைப் பார்த்துவிட்டு இது விஷமா என்று கேட்டார், கேட்டுவிட்டு இரண்டாவது தடவை சோறு வாங்கினார்.

பிள்ளை வந்தது அப்போதுதான். பஸ்ஸைவிட்டு இறங்கி வாசலில் நின்று செடியைப் பார்த்தாள். அப்புறம் பந்தியைப் பார்த்தாள். நான் கையில் அரிவாளோடு நின்றேன். "எத்தனை இலை மாமா?" என்றாள். "ஆறும்மா" என்றேன். உள்ளே போய் நோட்டை எடுத்து எழுதினாள். பிறகு கை கழுவிவிட்டு எதிர்வீட்டுக்குப் போய், தன் செடியின் இலையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டாள். ஒரு வார்த்தை கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

சம்பந்தி, இதுவரைக்கும் எழுதினது இலைக்கதை. இதோடு முடித்துக் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றுதான் போன மூணு தாளிலும் பார்த்தேன். மனசு வரவில்லை. அந்தப் பிள்ளை கிளம்பிப் போனது இலைக்காக இல்லை என்று எனக்குத் தெரியும்.

சாப்பாடு முடிந்து பொம்பளையாளுக எல்லாம் எங்க வாசல் பக்கம் நிழலுக்கு வந்து நின்னாக. நான் வலைக்கு அந்தப் பக்கம் அறுந்துபோன கயிறைக் கட்டிக்கிட்டிருந்தேன். நான் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. முத்துப்பேச்சி மதினி செடியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுச் சொன்னாக: "ஏத்தா யுவராணி, நாலு வருசமா நிக்குது, பக்கத்துல ஒரு கன்னு கெளம்பலையே. கன்னு விடாத வாழைய வாசல்ல வச்சா, வீடும் அப்பிடித்தான இருக்கும்." பேத்திக்குக் காது குத்தின கையோட சொன்னாக. பேரப்பிள்ளை விசயம் நீங்களும் நானும் இதுவரைக்கும் வாய்விட்டுப் பேசினதில்லை, இனிமேலும் பேச வேண்டியதில்லை, அது அவுக ரெண்டு பேரு விசயம். ஆனா அந்த எடத்துல நான் பேசியிருக்கணும். வலையைத் தூக்கிவிட்டு, மதினி, இது என்ன பேச்சு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். விசேச வீடு, சண்டையாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கீழே கிடந்த ஆறு மட்டையையும் பொறுக்கி எடுத்துக்கிட்டு மாட்டுக் கொட்டத்துக்குப் போயிட்டேன். மாடு திங்கவில்லை. நான் அங்கனயே ரொம்ப நேரம் நின்னேன்.

மறுநாள் பூராவும் பிள்ளை துணி மடித்து வைத்தாள். ஞாயித்துக்கிழமை விடியக்காலம் பையோட வந்து நின்னு, "போயிட்டு வர்றேன் மாமா. மூணு வாரம் ஆகும். செடிக்குத் தண்ணி ரொம்ப விட்டுராதீக" என்றாள். எங்கன போறே என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அழுதுவிடுவாளோ என்று பயம். பொண்ணு மூணு வாரத்துக்குப் பை கட்டினால் வேற எங்க போகும், அப்பன் வீட்டுக்குத்தான். ஓசூருக்குப் போன் போட்டு மகனிடம் மெதுவாகக் கேட்டேன். "அவ வேலையாப் போயிருக்காப்பா, வந்துருவா" என்றான். புருசனே பூசி மெழுகுகிறான் என்றால் விவகாரம் பெரிசு என்று புரிந்துகொண்டேன். மொக்கம்மா தினமும் சாயங்காலம் போனை எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் பின்னால போய்ப் பேசுறா. என் தலை தெரிந்தால் குரல் இறங்குது. நானும் காதில் வாங்காமல் மோட்டார் ரூமுக்குப் போயிடுவேன். யுவராணிக்கு நானே போன் போடலாம்தான். போட்டு சாப்டியா என்று கேட்கலாம். அதுக்கு மேல எனக்குப் போனில் பேச வராது.

பிள்ளை போன ஆறாம் நாள் காலையில் செடியைப் பார்த்தால் குருத்து இலை சிறுத்து வருது. நாற்பது வருசம் வாழை வைத்தவனுக்கு அது என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. அடுத்த ரெண்டு நாளில் நடுமண்டையிலிருந்து ஒரு பூ தலையைக் குனிஞ்சு வெளியில வந்துச்சு. நம்ம வாழைப்பூ மாதிரி கையகலம் இல்லை சம்பந்தி, கைக்குழந்தையைத் துணியில் சுத்தி வச்ச அளவு. மடல் எல்லாம் கருஞ்சிவப்பு. வாழை பூத்தால் அந்த மரம் முடிஞ்சது, எல்லா வாழைக்கும் அதுதான் கணக்கு. அதில் நாங்க வருத்தப்படுவதே இல்லை, ஏன்னா பக்கத்துல கன்னு நிக்கும். மண்வெட்டியை வச்சிட்டு, வேர் அறுந்துவிடக் கூடாது என்று கையாலேயே சுத்திலும் தோண்டிப் பார்த்தேன். முட்டி வலிக்க ஒரு சுத்து முழுக்கத் தோண்டினேன். ஒரு முளை இல்லை.

அன்றைக்கே கம்பம் போய் பஸ் மாறிக் குமுளிக்கு ஏறினேன். பிள்ளை செடி வாங்கின நர்சரியைத் தேடிப் பிடித்தேன். ஜஸ்டின் என்று ஒரு ஆள், நம்ம தமிழும் அவங்க மலையாளமும் கலந்து பேசுறார். விவரத்தைச் சொன்னேன். "பூத்தோ?" என்றார். பூத்திருச்சு என்றேன். "எங்கில் கழிஞ்ஞு, முடிஞ்சு போச்சு சேட்டா. இது கன்னு வைக்காத இனம். ஒரு தடவை பூக்கும், விதை தரும், போகும்." பூவை அறுத்துவிட்டால் செடி பிழைக்குமா என்று கேட்டேன், அரிவாளைத் தீட்டி வைத்துவிட்டுத்தான் கிளம்பியிருந்தேன். "அறுத்தாலும் போகும். உள்ள வளர்ற குருத்தே அல்லே பூவாயிட்டு வந்திருக்கு. பூக்கறதுக்கு முன்னே கிழங்கைக் கீறி விட்டிருந்தா முளை எடுத்திருக்கலாம். இப்போ ஒண்ணும் செய்யான் பற்றில்லா, முடியாது" என்றார். வேற செடி ஒன்று கொடுங்க, அதை வச்சிருறேன் என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மருமகளுக்கு வித்தியாசம் தெரியும் சேட்டா" என்றார். தெரியும்தான். ஒரு இலை மூணு அங்குலம் குறைஞ்சாலே கண்டுபிடிக்கிறவள். வெறுங்கையோடு இறங்கினேன். மலைப்பாதை வளைவுகளில் எனக்கு ஒன்றே ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளை திரும்பி வரும்போது செடி சாய்ந்து கிடக்கும். ஆறு இலை அறுத்து மாமா கொன்னுட்டாரு என்று நினைப்பாள். இல்லை, அதைவிட மோசமாக, மதினி சொன்னது சரிதானோ என்று நினைத்துவிடுவாள்.

வீட்டுக்குள் போகாமல் நேராக எதிர்வீட்டுக்குப் போனேன். மதினி வத்தல் அள்ளிக்கொண்டிருந்தாக. "மதினி, அன்னைக்கு யுவராணிய நீங்க சொன்னது தப்பு" என்றேன். "நான் வாழையத்தான கொழுந்தனாரே சொன்னேன்" என்றாக. "நானும் வாழையத்தான் சொல்றேன். அது கன்னு விடும், விடாமப் போகும், நான் வச்சிருக்கேன், என் வாசல்ல நிக்குது, அதுக்கு யாரும் பேச வேண்டியதில்ல" என்றேன். என் சத்தம் எனக்கே புதுசாக இருந்தது. மதினி முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "அட, இருங்க கொழுந்தனாரே, உங்க மருமக அன்னைக்கே எனக்கு..." என்று ஏதோ ஆரம்பித்தாக. நான் நிற்கவில்லை. பத்து நாள் கழித்துச் சொன்னேன், அதையும் செடியைச் சாக்கு வைத்துத்தான் சொன்னேன். என்றாலும் சொல்லிவிட்டேன் என்று தங்களுக்குத் தெரிய வேண்டும்.

ஆகவே சம்பந்தி அவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது. தாங்கள் ஒரு நடை யுவராணியைக் கூட்டிக்கொண்டு இங்கன வர வேண்டும். செடி உடனே சாயாது, விதை முத்துகிற வரைக்கும் சில மாசம் நிற்கும், ஆனால் பூ இப்போதுதான் பார்க்க நன்றாக இருக்கிறது. தங்கள் முன்னால் வைத்தே பிள்ளையிடம் நான் பேசிவிடுகிறேன். என்ன பேசுவேன் என்று இப்போது தெரியவில்லை. தாங்கள் பக்கத்தில் இருந்தால் வந்துவிடும். என் மேல் உள்ள கோபத்தைப் பிள்ளை மேல் காட்ட வேண்டாம், இரண்டு குடும்பத்துக்கு நடுவில் வைக்கவும் வேண்டாம்.

சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கம். வருசநாட்டுப் பக்கம் மழை நன்றாகப் பெய்யவும், தங்கள் தென்னை காய்க்கவும், வீட்டில் எல்லாரும் நோய் நொடியில்லாமல் இருக்கவும் சுருளி வேலப்பர் துணை நிற்க வேண்டும். பெரியவர்களுக்கு நமஸ்காரமும் சின்னவர்களுக்கு ஆசியும் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் மன்னிப்பை எதிர்பார்க்கும்
மு. சுருளிவேல்

பின்குறிப்பு: கவர் ஒட்ட மொக்கம்மாளிடம் நாலு பருக்கை சோறு கேட்டேன். யாருக்குக் கடுதாசி என்று வாங்கிப் பார்த்தாள். நின்றபடியே எல்லாத் தாளையும் படித்துவிட்டு, "அவ எப்பங்க கடமலைக்குண்டு போனா?" என்றாள். யுவராணி திருச்சூரில் இருக்கிறாளாம். காலேஜில் இருந்து மூணு வாரம் ட்ரெயினிங் அனுப்பியிருக்கிறார்களாம். "உங்ககிட்டச் சொல்லிட்டுத்தான போனா?" என்றாள். மூணு வாரம் என்று சொன்னாள் என்றேன். "எங்கன்னு கேக்கலையா? தெனம் சாயங்காலம் மாமாகிட்டக் குடுங்க அத்தைன்னு அவ கேக்குறா, நீங்க மோட்டார் ரூமுக்குப் போயிடுறீக" என்றாள். தாங்களும் சம்பந்தியம்மாள் போனில் தினமும் அவளோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறீர்களாம். தங்கள் போன் மாட்டுத் தொட்டிக்குள் விழுந்து பதிமூன்று நாள் ஆகிறதாம். ஆக, இந்த விவரம் தெரியாத ஆள் நான் ஒருத்தன்தான். முத்துப்பேச்சி மதினிக்கும் பிள்ளை அந்த இடத்திலேயே பதில் சொல்லியிருக்கிறாள்: "பெரியத்தை, இது கன்னு விடுற சாதி இல்ல, விதை போடுற சாதி. உங்க பசு முட்டை போடலையேன்னு நான் என்னைக்காவது கேட்டேனா?" பொம்பளையாளுக எல்லாம் சிரித்தார்களாம், மதினியும் சிரித்தாகளாம். நான் மாட்டுக் கொட்டத்தில் இருந்திருக்கிறேன்.

மொக்கம்மாள் உடனே யுவராணிக்குப் போன் போட்டு என் கையில் கொடுத்துவிட்டாள். பூத்திருச்சும்மா என்றேன். சத்தமே இல்லை. அழுகிறாள் என்று நினைத்தேன். "மாமா, எந்தப் பக்கமாத் தொங்குது? எத்தனை மடல் விரிஞ்சிருக்கு? வௌவால் வருதா?" என்றாள். இந்தப் பூவுக்காகத்தான் நாலு வருசமாகக் காத்திருந்தாளாம். செத்துப்போகுமேம்மா என்றேன். "போகும் மாமா, அது அப்பிடித்தான். விதை பிடிக்கட்டும்" என்றாள். இலை அறுத்ததைக் கேட்டேன். "வருத்தமாத்தான் இருந்துச்சு. ரெண்டு நாள் இருந்துச்சு. பஸ் ஏறும்போதே போயிருச்சு" என்றாள். முக்கால் மணி நேரம் பேசியிருக்கிறோம். சாப்டியா என்று கேட்க மறந்துவிட்டேன்.

இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடலாம் என்று பார்த்தேன். மொக்கம்மாள் விடவில்லை. "கட்டிக்கிட்டு வந்து முப்பத்தஞ்சு வருசத்துல நீங்க இவ்வளவு பேசி நான் கேட்டதில்ல. அனுப்புங்க" என்று அவளே கவரை ஒட்டப் போகிறாள். அதனால் வருகிறது. யுவராணி அடுத்த சனிக்கிழமை வருகிறாள், தாங்களும் பூவைப் பார்க்க வாருங்கள். மேலே எழுதியிருப்பதை மட்டும் தயவுசெய்து படிக்க வேண்டாம்.